துணை பிரிக்கப்படும் குதிரை

சேலத்துக்கு வடக்கே எழும் சேர்வராயன் மலையில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த ஏற்காட்டுக்கு மோட்டார் சாலை வருவதற்கு முன்னர், மேலேறியவர்களைச் சுமந்தவை ஆட்கள் தூக்கிய நாற்காலிகளும் மட்டக்குதிரைகளுமே ஆகும். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தியபின் தோட்டங்கள் பெருகிய காலத்தில், அத்தோட்டங்களைச் சுற்றிவரவும் அடிவாரத்துக்கு இறங்கித் திரும்பவும் குதிரையே பயன்பட்டது. இன்று அந்த வேலையை வாகனங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டதால், தமிழ்நாட்டு மலைகளில் குதிரை எஞ்சியிருப்பது பெரும்பாலும் உதகை, கொடைக்கானல் போன்ற இடங்களில் சுற்றுலாப் பயணியரின் சவாரிக்காகவும், கொடைக்கானலுக்குக் கீழே நெடுங்காலம் சாலையின்றி இருந்த வெள்ளகவி போன்ற ஊர்களுக்கு மூட்டை சுமப்பதற்காகவும், ஆர்வத்தால் வளர்ப்போரின் தோட்டங்களிலுமே. பந்தயத் திடல்களின் லாயங்களைப் போல வரிசை வரிசையாகக் குதிரைகள் நிற்கும் இடங்கள் அல்ல இவை. ஒருவரிடம் ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று என்ற கணக்கிலேயே மலையில் குதிரை வளர்க்கப்படுகிறது. இரண்டு உள்ள இடத்தில் ஒன்று விற்கப்படும்போதோ, சிகிச்சைக்காக இறக்கப்படும்போதோ, வெறும் ஒரு மணி நேரச் சவாரிக்காகக் கூட்டிச் செல்லப்படும்போதோ, பின்தங்கிய குதிரை கனைத்துக்கொண்டே வேலியோரம் ஓடுவதும், வியர்ப்பதும், தீனியைத் தொடாமல் நிற்பதும், கயிற்றை அறுக்க முயல்வதும் வளர்ப்போர் எல்லாரும் கண்டிருக்கக்கூடியவை. இதைக் குதிரையின் பிடிவாதம் என்றும் கெட்ட பழக்கம் என்றும் கொள்வதே பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. அவ்வழக்கம் பிழையானது, இந்தக் கலக்கம் குதிரையின் இயல்பிலேயே வேரூன்றியது என்பதோடு, அதன் கடுமையில் பெரும்பங்கு மனிதர் பிரிக்கும் முறையினாலும் அவசரத்தினாலும் விளைவதாகும்.

குதிரை மந்தையாக வாழப் பிறந்த விலங்கு. இயற்கையில் ஓர் ஆண்குதிரை, சில பெண்குதிரைகள், அவற்றின் குட்டிகள் என ஒரு சிறு குடும்பக் கூட்டம் ஆண்டுக்கணக்கில் பிரியாமல் வாழ்வதும், அக்கூட்டத்துக்குள்ளும் இரண்டிரண்டு குதிரைகள் மற்றவற்றைவிட நெருக்கமாக அருகருகே மேய்வதும் இவ்விலங்கின் அடிப்படை வாழ்முறை. ஓடித் தப்புவதைத் தவிர வேறு பெரிய தற்காப்பு இல்லாத இரைவிலங்குக்கு இன்னொரு குதிரை என்பது இன்னொரு சோடிக் கண்களும் இன்னொரு சோடிக் காதுகளும் ஆகும். உறக்கத்திலேயே இது தெளிவாகப் புலப்படுகிறது. குதிரை தன் கால்மூட்டுகளைப் பூட்டிக்கொண்டு நின்றபடியே அரைத்தூக்கம் போட வல்லது. ஆனால் கனவு நிகழும் ஆழ்ந்த உறக்கத்துக்கு அது கட்டாயம் படுத்தாக வேண்டும். கூட்டத்தில் ஒன்று படுத்திருக்கையில் மற்றொன்று காவலாக நிற்கும். காவல் இல்லாத குதிரை பல நாள் படுக்காமலே இருந்துவிடுவதும், உறக்கக் குறை மிகுந்து நின்ற நிலையிலேயே முன்னங்கால் மடிந்து சரிந்து முழங்காலைக் காயப்படுத்திக்கொள்வதும் கால்நடை மருத்துவர் அறிந்த செய்திகள். ஆகவே துணையிழந்த குதிரை இரவில் படுக்கிறதா என்று காலையில் அதன் உடலில் ஒட்டியிருக்கும் புல்லையும் மண்ணையும் கொண்டு பார்ப்பது நல்ல பராமரிப்பாளரின் வேலைகளுள் ஒன்றாகும்.

நெருங்கிய இரு குதிரைகள் எதிரெதிராக நின்று ஒன்றன் பிடரியடியையும் தோள்மேட்டையும் மற்றொன்று பற்களால் கோதிவிடுவதைப் பலரும் கண்டிருப்பர். இதனை ஆராய்ந்த குளோடியா ஃபே, ஜோயெல் டி மாசியேர் ஆகிய இருவர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், அந்தத் தோள்மேட்டுப் பகுதியைக் கோதும்போது குதிரையின் இதயத் துடிப்பு குறைகிறது என்றும், உடலின் வேறிடத்தைக் கோதினால் அவ்வாறு குறைவதில்லை என்றும் காட்டினர். துணை என்பது பக்கத்தில் நிற்கும் உருவம் மட்டுமன்று, உடலை அமைதிப்படுத்தும் ஒரு வழியுமாகும் என்பது இதனால் விளங்குகிறது. இந்த உறவு எந்தக் குதிரையோடும் உடனே தோன்றிவிடுவதுமில்லை. குதிரைகள் ஒன்றையொன்று தனித்தனியாக அறிந்திருக்கின்றன. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட சோதனையில், கூட்டத்துக் குதிரை ஒன்றைக் கண்முன் நடத்திச் சென்று மறைத்தபின் வேறொரு குதிரையின் கனைப்பை ஒலிபரப்பியபோது, கேட்ட குதிரைகள் விரைந்து திரும்பி அத்திசையை நெடுநேரம் உற்றுநோக்கின. கண்ட உருவமும் கேட்ட குரலும் பொருந்தவில்லை என்பது அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

பிரிவில் எழும் கனைப்பையே பொருளாகக் கொண்ட ஆய்வும் உண்டு. சூரிச் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலோடி பிரீஃபரும் உடனாய்வாளரும் கூட்டத்திலிருந்து ஒரு குதிரையைப் பிரித்தும் மீண்டும் சேர்த்தும் அவ்வேளைகளில் எழுந்த கனைப்புகளைப் பதிவுசெய்து 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். குதிரையின் ஒரே கனைப்பில் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரண்டு அடிப்படைச் சுருதிகள் ஒருங்கே ஒலிக்கின்றன. அவற்றுள் ஒன்று கலக்கத்தின் அளவையும், மற்றொன்று அந்த உணர்ச்சி இனியதா இன்னாததா என்பதையும் காட்டுகிறது என்பது அவர்கள் கண்டது. சேர்க்கையின் கனைப்பு குறுகியது; பிரிவின் கனைப்பு நீண்டது. நாளும் குதிரையோடு பழகுவோர் காதால் உணர்ந்திருந்த வேறுபாட்டுக்கு இது அளவு தந்தது.

மலைநிலம் இந்தத் துயரத்துக்குத் தனக்கே உரிய ஒரு கூறினைச் சேர்க்கிறது. சமவெளியில் நடத்திச் செல்லப்படும் துணை சிறிது சிறிதாகத் தொலைவில் சிறுத்து மறைகிறது. ஏற்காட்டின் சரிவிலோ, சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் படர்ந்த மிளகுக்கொடியும் காப்பிச் செடிகளும் அடர்ந்த தோட்டப் பாதையில், பத்து அடி வைத்து ஒரு வளைவு திரும்பியதுமே துணை பார்வையிலிருந்து முற்றாக நீங்கிவிடுகிறது. மூடுபனி இறங்கும் மாதங்களில் அந்தத் தொலைவும் இல்லை. அதே வேளையில் பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவிலிருந்து குரல் தெளிவாகத் திரும்பிவருவதால், காணமுடியாத துணையைக் கேட்கமுடிகிற நிலையில் இரு குதிரைகளும் மாறி மாறிக் கனைத்துக் கலக்கத்தை வளர்த்துக்கொள்கின்றன. இந்நிலையில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் குதிரை போய்ச் சேரும் இடம் மேய்ச்சல் வெளியன்று. அது கொண்டை ஊசி வளைவுகளில் வாகனங்கள் இறங்கும் சாலையாகவோ, கல்லடுக்கிக் கட்டிய வரப்புகள் நிறைந்த செங்குத்துச் சரிவாகவோ இருக்கும். சமவெளியில் தொல்லையாக மட்டும் தோன்றும் ஒன்று மலையில் உயிராபத்தாக மாறுவது இதனாலேயே.

கலக்கத்தின் அடையாளங்களை அதன் படிகளோடு அறிந்திருப்பது தேவை. தலை நிமிர்வதும், காதுகள் ஒரே திசையில் நிலைப்பதும், மெல்லுவது நின்றுபோவதும் முதற்படி. கனைப்பும் நடையும் அடுத்தவை. அடிக்கடி இலகிய சாணமிடுதல், கழுத்திலும் விலாவிலும் வியர்வை, மூக்குத்துளை விரிந்த மூச்சு ஆகியவை முற்றிய நிலையைக் காட்டுவன. அமைதியாக நிற்கும் வளர்ந்த குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 முறை துடிக்கும். தாடையெலும்பின் உட்பக்கம் ஓடும் நாடியில் விரல் வைத்து இதனை எவரும் எண்ணிப் பழகலாம். தன் குதிரையின் அமைதிநிலைத் துடிப்பை முன்னரே எண்ணி அறிந்திருப்பவரே கலக்கநிலையின் அளவை மதிப்பிட முடியும். இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை மிக முக்கியமானது: தரையைக் காலால் பறிப்பது, வியர்ப்பது, தீனி மறுப்பது ஆகியவை கோலிக் எனப்படும் கொடிய வயிற்றுவலிக்கும் உரிய குறிகள். குதிரை வாந்தியெடுக்க இயலாத விலங்கு என்பதால் வயிற்றுக்கோளாறு விரைவில் உயிரைப் பறிக்கக்கூடும். விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதும், படுத்துப் புரள்வதும், சாணம் நின்றுபோவதும், துணை திரும்பி வந்த பிறகும் துடிப்பு தணியாதிருப்பதும் வயிற்றுவலியைச் சுட்டுவன. அப்போது பயிற்சியைப் பற்றி எண்ணாமல் மருத்துவரை அழைக்க வேண்டும்.

பிரிவுக் கலக்கத்துக்கும் வயிற்றுக்கோளாறுக்கும் உள்ள தொடர்பும் வெறும் தோற்ற ஒற்றுமை அன்று. குதிரையின் இரைப்பை, உணவு உள்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓயாது அமிலம் சுரப்பது. அதனைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே ஊறுகிறது. நாளின் பெரும்பகுதியை மேய்ச்சலில் கழிக்கும் விலங்குக்கு இந்த அமைப்பு பொருந்தியது. துணையைத் தேடிப் பாதி நாள் எதையும் மெல்லாமல் நடந்துகொண்டே இருக்கும் குதிரைக்கு அதுவே இரைப்பைப் புண்ணை உண்டாக்குகிறது. நாட்பட்ட தனிமையில் சில குதிரைகள் வாயிற்படியில் நின்று இடமும் வலமுமாக ஓயாமல் ஆடத் தொடங்குகின்றன. ஒருமுறை படிந்தால் இப்பழக்கம் துணை வந்த பின்னும் முற்றிலும் நீங்குவது அரிது.

இவ்வளவும் தெரிந்த பின்னர், வழக்கத்தில் உள்ள சில முறைகள் ஏன் தோற்கின்றன என்பது எளிதில் விளங்கும். அடிக்கப்பட்ட குதிரை துணை நீங்குவதோடு வலியையும் சேர்த்து நினைவில் வைக்கிறது. அடுத்த பிரிவில் அதன் அச்சம் இரட்டிக்கிறது. குட்டையான கயிற்றில் கட்டினால் ஓட்டம் நிற்கும், கலக்கம் நிற்காது. திமிறும் குதிரையின் கழுத்துத் தசையும் கால்களும் காயப்படும். அளவுக்கு மீறிக் குட்டையான கயிற்றில் நெடுநேரம் கட்டிவைப்பது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றமும் ஆகும். மயக்க மருந்தை மருத்துவர் தேவை கருதிக் கொடுக்கலாமே தவிர உரிமையாளர் தாமே கொடுத்தல் கூடாது. அது உடலைத் தளர்த்துகிறதே ஒழியக் குதிரைக்கு எதையும் கற்பிப்பதில்லை. ‘கத்தி ஓயட்டும்’ என்று விட்டுவிடுவதே மிகப் பரவலான முறை. ஓய்ந்துபோன குதிரை பழகிவிட்டது என்று கொள்வது தவறு. பல வேளைகளில் அது களைத்தும் நம்பிக்கையற்றும் போயிருக்கிறது, மறுநாள் அதே கலக்கம் அதே அளவில் திரும்புகிறது.

பயன்தரும் வழி படிப்படியான பழக்கம். அச்சமூட்டும் ஒன்றை, அச்சம் எழாத அளவுக்குச் சிறு கூறாக்கி, மீண்டும் மீண்டும் எதிர்ப்படச் செய்து, மெல்ல அளவைக் கூட்டுவதே இதன் சாரம். இதற்கு இருவர் வேண்டும்: ஒருவர் செல்லும் குதிரையைப் பிடிக்க, மற்றவர் நிற்கும் குதிரையின் அருகே இருந்து கவனிக்க. நிற்கும் குதிரைக்குப் பசும்புல்லை இட்டுவிட்டுத் துணையைச் சில அடிகள் நடத்திச் செல்ல வேண்டும். நிற்கும் குதிரை தலையை நிமிர்த்திப் பார்த்தும் மெல்லுவதை விடாத தொலைவே அதன் தாங்கும் எல்லை. அந்த எல்லையைக் கடக்காமல் துணையைத் திருப்பிக்கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஒரு நாளில் ஒரு நீண்ட பயிற்சியைவிடச் சில நிமிடப் பயிற்சிகள் பல முறை நடப்பது நல்லது. எல்லை சில அடிகளிலிருந்து தோட்டத்தின் மறுமுனை வரை விரிந்த பின்னரே வளைவைத் திரும்பி மறையும் கட்டத்துக்குச் செல்ல வேண்டும். மறையும் நேரமும் முதலில் நொடிக் கணக்கிலேயே இருக்க வேண்டும். துணை நீங்கும் வேளையில் மட்டுமே அந்தச் சுவையான தீனி கிடைக்கும்படி அமைத்தால், நாளடைவில் நீங்குதலே நல்லதொன்றின் அறிகுறியாகிறது. துணை திரும்பியதும் அத்தீனியை எடுத்துவிடுவது இம்முறையின் நுட்பம்.

பிரிவு தொடங்குவது துணை காலெடுத்து வைக்கும்போதன்று. சேணம் எடுக்கப்படும் ஓசை, கடிவாளத்தின் உலோக ஒலி, லாரியின் உறுமல் ஆகியவற்றைக் கேட்டதுமே பழகிய குதிரைக்குக் கலக்கம் தொடங்கிவிடுகிறது. ஆகையால் சேணம் பூட்டி எங்கும் செல்லாமல் கழற்றுவதும், லாரியை நிறுத்திவைத்து அதனருகே இரண்டுக்கும் தீனி வைப்பதும், பயிற்சியின் பகுதியாக வேண்டும். அவ்வொலிகளுக்கும் பிரிவுக்கும் இடையிலான கட்டு இவ்வாறு தளர்கிறது.

பயிற்சியில் ஓர் இடம் பலரைக் குழப்புகிறது. எல்லை தவறிக் குதிரை கனைக்கத் தொடங்கிவிட்டால் உடனே துணையைத் திருப்பிக் கொண்டுவருவதா, காத்திருப்பதா? கனைக்கும்போதே திருப்பினால் கனைப்பே துணையை வரவழைக்கும் என்று குதிரை கற்கும் என்பர் சிலர். அடங்கும் வரை காத்தால் அச்சம் முற்றிவிடும் என்பர் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. துணையை மேலும் விலக்காமல் அதே இடத்தில் நிறுத்தி, நிற்கும் குதிரை ஒரு வாய்ப் புல்லெடுக்கும் அல்லது தலையைத் தாழ்த்தும் ஒரு கணம் வந்ததும் திருப்புவதே இரண்டுக்கும் இடைப்பட்ட சரியான வழி. எனினும் அடுத்த முறை தொலைவைப் பாதியாகக் குறைப்பது கட்டாயம். தவறிய எல்லை கற்பித்தவரின் பிழையே, குதிரையின் பிழையன்று.

நெடும்பயணம் தவிர்க்க முடியாதபோது வேறு ஏற்பாடுகள் வேண்டியிருக்கின்றன. சிகிச்சைக்காக நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ வேறிடத்துக்கோ ஒரு குதிரையை இறக்க நேர்ந்தால், தொற்றுநோய் ஐயம் இல்லாத நிலையில் இரண்டையும் ஒரே வண்டியில் கொண்டுசென்று திருப்பிக் கொண்டுவருவதே நல்லது. சேலம் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஆடும் வண்டியில் நிலைகொள்ள முயலும் குதிரைக்கு அருகில் துணை நிற்பது பெரும் ஆறுதல். துணை கிடைக்காவிட்டால், உடையாத கண்ணாடி ஒன்றைக் குதிரையின் பார்வைக்கு நேரே பொருத்துவதும் ஓரளவு பயன்தரும் என்று இங்கிலாந்தில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன: லாயத்தில் கண்ணாடி வைத்தபோது வாயிற்படியில் ஆடும் பழக்கம் குறைந்தது, வண்டியில் வைத்தபோது பயணக் கலக்கம் குறைந்தது. பின்தங்கும் குதிரையைக் கட்டாமல், அது அறிந்த பழைய இடத்தில், உறுதியான அடைப்புக்குள், நிறையப் புல்லோடு விடவேண்டும். வேலை குறைந்த அந்நாட்களில் கொள்ளு முதலிய தானியத்தைக் குறைத்து நார்த்தீனியைக் கூட்டுவது வயிற்றுக்கும் மனத்துக்கும் நல்லது. தானியத்தின் மிகைச் சத்து, செலவழிய வழியின்றிப் படபடப்பையே வளர்க்கும்.

குதிரையின் வாழ்வில் முதற்பிரிவு தாயைப் பிரிவதே. பின்னாளில் அது எவ்வளவு கலங்கும் என்பதை அப்பிரிவு நடக்கும் விதம் பெரிதும் பாதிக்கிறது. இயற்கையில் அடுத்த குட்டி பிறக்கும் முன்னர், ஒன்பது பத்து மாத வயதளவில், தாய் மெல்லப் பால் மறக்கச் செய்கிறது. மனிதரிடமோ நான்கு முதல் ஆறு மாதத்தில் ஒரே நாளில் பிரிப்பதே வழக்கம். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் புகழ்பெற்ற குதிரைச் சந்தைக்கு மார்வாரி, காத்தியவாரி இனக் குதிரைகளோடு நாட்டுக் குதிரைகளும் குட்டிகளும் வருகின்றன; சேலத்து மலைகளில் குதிரை வாங்க எண்ணுவோர்க்கு அருகிலுள்ள பெருஞ்சந்தை அதுவே. அங்கே குட்டி வாங்குபவர் சுழியையும் நிறத்தையும் பார்ப்பதோடு, அது தாயை எப்போது பிரிந்தது, பிரிந்தபின் வேறு குதிரைகளோடு இருந்ததா என்றும் கேட்டறிய வேண்டும். பால் மறந்த குட்டிகளைத் தம்முள் மட்டும் அடைத்துவைப்பதைவிட, வளர்ந்த, அமைதியான குதிரை ஒன்றை அவற்றோடு விடுவது அவற்றின் கலக்கத்தைக் குறைக்கிறது என்பது பிரான்சில் செய்யப்பட்ட ஆய்வின் முடிவு.

திரும்பாத பிரிவும் உண்டு. துணை இறந்துவிடலாம், அல்லது சுரப்பிக்காய்ச்சல் எனப்படும் கிளாண்டர்ஸ் நோய் உறுதிப்பட்டு, 2009ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்ச் சட்டத்தின் வழியே அது கருணைக்கொலை செய்யப்படலாம். தொற்று இல்லாத இறப்பாயின், எஞ்சிய விலங்கு இறந்த துணையின் உடலருகே சென்று முகர்ந்து, தானாக விலகும் வரை விட்டுவைப்பது நல்லது. இங்கிலாந்தில் 1969இல் தொடங்கப்பட்ட கழுதைகள் புகலிடம் இதனைத் தன் அறிவுரையாகவே வலியுறுத்துகிறது. கழுதையின் இணைப்பற்று குதிரையினும் மிகுதி. துணையை இழந்து உண்ணாவிரதம் போல நின்றுவிடும் கழுதையின் உடற்கொழுப்பு இரத்தத்தில் பெருகி உறுப்புகளைச் செயலிழக்கச் செய்து கொன்றுவிடும். அதனால் அவ்விலங்கு ஒரு வேளை தீனி மறுத்தாலும் மருத்துவரை நாட வேண்டும்.

புதிய துணையைக் கொண்டுவருவதிலும் அவசரம் ஆகாது. புதிய குதிரையை இரண்டு மூன்று வாரம் தனித்து வைத்து நோயின்மை உறுதிப்பட்ட பின், முதலில் வேலிக்கு இருபுறமும் நிறுத்தி, முகர்ந்து பழகவிட்டு, பிறகே ஒன்றாக விடவேண்டும். குதிரை கிடைக்காத இடத்தில் கழுதையோ, அதுவும் இல்லையேல் ஆடோ மாடோ வெறும் தனிமையைவிட மேலானது. எனினும் தோள்மேட்டைக் கோதிவிடவும் குதிரையின் உடல்மொழியில் மறுமொழி தரவும் இன்னொரு குதிரையால்தான் முடியும். நீலகிரியின் மாவனல்லாவில் உழைப்புக்காலம் முடிந்த குதிரைகளும் கழுதைகளும் கூட்டமாக வாழும் விலங்குப் புகலிடம் ஒன்று இயங்குகிறது. உதகைத் தெருக்களில் உரிமையாளரால் திரியவிடப்பட்ட மட்டக்குதிரைகளுங்கூட மூன்று நான்காகக் கூடியே மேய்வதைக் காணலாம். எவரும் சேர்த்துவைக்காமலே அவை சேர்ந்துகொள்கின்றன.

குதிரையினத்தைச் சேர்ந்த ஒவ்வொரு விலங்கும் தன்னினத்து இன்னொன்றைக் காணவும் கேட்கவும் முகரவும் கூடிய நிலையில் வைக்கப்பட வேண்டும் என்று சுவிட்சர்லாந்தின் 2008ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு விதிகள் ஆணையிடுகின்றன. இந்தியாவின் 1960ஆம் ஆண்டுச் சட்டம் தீனி, தண்ணீர், தங்குமிடம் பற்றிப் பேசுகிறது. துணையைப் பற்றிப் பேசவில்லை. சட்டம் வரும் வரை காத்திராமல், மலையில் ஒரு தோட்டமும் ஒரே ஒரு குதிரைக்கான இடமும் பணமும் மட்டும் உடையவர்கள் குதிரை வாங்கும் எண்ணத்தைக் கைவிடுவதும், இரண்டை வைத்திருப்பவர்கள் அவற்றுள் ஒன்றை விற்க நேர்ந்தால் இரண்டையும் ஒரே இடத்துக்கு விற்க முயல்வதும், அது இயலாதபோது எஞ்சியதற்கு முன்கூட்டியே மூன்றாவது குதிரை ஒன்றைத் துணையாகப் பழக்கிவிட்டுப் பிறகு பிரிப்பதும் இன்றே செய்யக்கூடியவை.